முழுப் பதிப்பைப் பார்க்கச் சொல்லும் தோழர்களுக்கு

அன்புள்ள ஸ்னைடர் ரசிகர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவன்தான் எழுதுகிறேன். ஸ்னைடர் இயக்கிய ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ்’ எனக்குப் பிடித்த படம். எத்தனை மீம் போட்டுக் கலாய்த்தாலும் பிடித்த படம்தான். அதனால் எதிர்க்கட்சிக்காரன் எழுதிய மடல் என்று இதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

2016 மார்ச் 25 அன்று படம் வந்தது. அன்றிலிருந்து நம் பக்கம் இருப்பது ஒரே பதில். யார் எந்தக் குறையைச் சொன்னாலும், “அல்டிமேட் எடிஷன் பார்த்தியா நீ?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறோம். தியேட்டருக்கு வந்த படம் 151 நிமிடம், சில மாதம் கழித்து வந்த முழுப் பதிப்பு 182 நிமிடம். நடுவில் இருக்கும் அந்த 31 நிமிடத்தில் எல்லாக் கேள்விக்கும் விடை இருப்பதாகச் சாதிக்கிறோம். சில கேள்விகளுக்கு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தின் ஆணிவேரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை எந்தப் பதிப்பும் தொடவில்லை. அந்தச் சிக்கல் இருப்பதோ நாம் அதிகமாகக் கொண்டாடும் காட்சியில். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் அந்த 31 நிமிடத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். ஆப்பிரிக்காவின் நைரோமியில் நடக்கும் படுகொலை தியேட்டர் பதிப்பில் எப்படி இருந்தது? கூலிப்படை துப்பாக்கியால் சுடுகிறது. பிறகு ஊரே சூப்பர்மேனைக் குற்றம் சொல்கிறது. கண்ணிலிருந்து நெருப்பு விடுகிறவன் எதற்காகத் துப்பாக்கி எடுத்துச் சுடப்போகிறான் என்று தியேட்டரில் கேட்டவர்களை நாம் மடையர்கள் என்றோம். மடத்தனம் அவர்களிடம் இல்லை. பிணங்களைக் கூலிப்படை தீயிட்டுக் கொளுத்தும் காட்சியையே வெட்டியிருந்தார்கள். சூப்பர்மேன் எரித்ததுபோல் தெரியவேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. செனட் விசாரணையில் சாட்சி சொல்லும் பெண் மிரட்டலுக்குப் பயந்து பொய் சொன்னவள் என்பதும் முழுப் பதிப்பில்தான் தெரியும். செனட்டில் வெடித்த குண்டு இருந்த சக்கர நாற்காலியில் ஈயத் தகடு இருந்தது, அதனால்தான் சூப்பர்மேன் கண்ணுக்கு அது படவில்லை என்பதும் அப்படியே. குண்டு வெடித்த பிறகு அவன் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வருவதைக்கூட வெட்டியிருந்தார்கள். தியேட்டரில் பார்த்தவனுக்கு அவன் தீயின் நடுவே ஒரு நிமிடம் சோகமாக நின்றுவிட்டுக் கிளம்பிப் போனதாகத்தான் தோன்றும். சூப்பர்மேனின் சாதாரண மனித முகமான கிளார்க் கென்ட், பேட்மேனின் ஊரான காத்தம் நகரத்துக்கே போய், பேட்மேன் சூடு போட்டு அனுப்பிய ஒருவனின் வீட்டுக் கதையைக் கேட்பான். அந்தக் காட்சி இல்லாமல் போனதால் பேட்மேன் மேல் அவனுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றே புரியாமல் போயிற்று.

ஆக, வெட்டியவர்கள் சூப்பர்மேனின் கதையைத்தான் வெட்டினார்கள். இது உண்மையான அநியாயம். இதற்காக நாம் போட்ட சத்தம் நியாயமான சத்தம்.

ஆனால் படத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. பேட்மேன் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் புரூஸ் வேயினின் கதை. அது தியேட்டரிலும் அநேகமாக முழுதாகவே வந்தது. அதன் தொடக்கத்தைப் பற்றிப் பேசாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை.

‘மேன் ஆஃப் ஸ்டீல்’ 2013இல் வந்தபோது எழுந்த பெரிய புகார், கடைசிச் சண்டையில் மெட்ரோபோலிஸ் நகரமே தரைமட்டமாகிறது, செத்த மக்களைப் பற்றிப் படத்துக்குக் கவலையே இல்லை என்பது. வேறு இயக்குநராக இருந்தால் பேட்டியில் ஏதாவது சமாளித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். ஸ்னைடர் அந்தப் புகாரையே எடுத்து அடுத்த படத்தின் கதையாக்கினார். அதே சண்டை, அதே நாள், ஆனால் இந்த முறை கேமரா தரையில் இருக்கிறது. புரூஸ் காரில் சந்து சந்தாகப் புகுந்து போகிறான். அவனுடைய நிறுவனக் கட்டடம் கண்ணெதிரே சரிகிறது. புழுதி மேகம் தெருவை அடைத்துக்கொண்டு வர, எல்லோரும் இந்தப் பக்கம் ஓட, அவன் ஒருவன் மட்டும் அதற்குள் ஓடுகிறான். கால் நசுங்கிக் கிடக்கும் ஊழியனை உத்தரத்தின் அடியிலிருந்து மீட்கிறான். தனியாக நிற்கும் சிறுமியிடம் உன் அம்மா எங்கே என்று கேட்கிறான். அவள் இடிந்த கட்டடம் இருந்த பக்கம் கையைக் காட்டுகிறாள். அவளை அணைத்துக்கொண்டு வானத்தை நிமிர்ந்து பார்க்கிறான். புரூஸாக நடிக்கும் பென் அஃப்லெக் அந்த நொடியில் ஒரு வசனமும் பேசுவதில்லை, அந்தப் பார்வையிலேயே மீதிப் படம் முழுவதும் இருக்கிறது. சூப்பர்ஹீரோ படங்களில் இதற்கு நிகரான தொடக்கம் எனக்கு ஒன்றிரண்டுதான் நினைவுக்கு வருகிறது.

இப்படி நல்லவை இன்னும் உண்டு. மெக்சிகோவில் இறந்தோர் திருநாள் கொண்டாட்டத்தின்போது தீயிலிருந்து ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு வருகிறான் சூப்பர்மேன். மண்டையோட்டுச் சாயம் பூசிய முகங்கள் அவனைச் சூழ்ந்து, தொட்டால் போதும் என்று கை நீட்டுகின்றன. அவன் முகத்தில் பெருமிதம் இல்லை, சங்கடம்தான் இருக்கிறது. ஹென்றி கெவிலுக்கு நடிக்கத் தெரியாது என்பவர்களுக்கு இந்தக் காட்சியைக் காட்டுங்கள். லாரி ஃபாங்கின் ஒளிப்பதிவு, ஹான்ஸ் ஜிம்மரும் ஜன்கி எக்ஸ்எல்லும் சேர்ந்து போட்ட இசை, ஜெரமி அயன்ஸ் நடித்த, புரூஸின் அலுத்துச் சலித்த பணியாள் ஆல்ஃபிரெட், இவற்றைப் பற்றி எதிரிகளே குறை சொல்வதில்லை. வொண்டர் உமன் வரும் இடமோ கேட்கவே வேண்டாம். டூம்ஸ்டே என்ற அரக்கன் அடித்த அடியில் டயானா, அதாவது வொண்டர் உமன், போய் விழுகிறாள், எழும்போது மெல்லச் சிரிக்கிறாள். கேல் கடோட்டின் அந்தச் சிரிப்பு ஒரு வினாடி இருக்குமா? ஆயிரம் வருடம் சண்டை போட்டவளுக்கு இது பழகிய வேலை என்று அந்த ஒரு வினாடி சொல்லிவிடுகிறது.

இனி சிக்கலுக்கு வருகிறேன்.

பேட்மேன் கொலை செய்கிறானே என்று யாராவது கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? “அதுதானப்பா கதையே! இருபது வருடம் போராடி, ராபினைப் பறிகொடுத்து, மனசு கெட்டுப்போன பேட்மேன் இவன். படம் அதைச் சரி என்று சொல்லவில்லை.” சரியான பதில்தான். படத்திலேயே ஆதாரம் இருக்கிறது. கையாலாகாத்தனமும் ஆத்திரமும் நல்லவர்களைக் கொடூரர்களாக்கும் என்று ஆல்ஃபிரெட் ஆரம்பத்திலேயே எச்சரிக்கிறார். குற்றவாளிகளின் உடம்பில் வௌவால் முத்திரையைக் காய்ச்சி வைக்கும் புதுப் பழக்கம் வந்திருக்கிறது. கடைசியில் சிறையில் வில்லன் லெக்ஸ் லூதர் முன்னால் நிற்கும்போது அதே சூட்டுக்கோலை அவன் மேல் வைக்காமல் சுவரில் குத்துகிறான். திருந்திவிட்டான். சூப்பர்மேனின் கல்லறை அருகே மனிதர்கள் இன்னும் நல்லவர்கள்தான் என்று டயானாவிடம் பேசுகிறான். வீழ்ச்சியும் மீட்சியும் அழகாகப் பொருந்திவிட்டன.

அவன் திருந்திய இடம் எது? மார்த்தா காட்சி. சூப்பர்மேனின் அம்மா பெயரும் மார்த்தா, புரூஸின் அம்மா பெயரும் மார்த்தா; அந்தப் பெயரைச் சூப்பர்மேன் சொல்லக் கேட்கிறான் பேட்மேன். ஈட்டியை ஓங்கியபடி நிற்கிறவன், தன் காலடியில் கிடப்பது வேற்றுக்கிரகத்து ஆபத்து இல்லை, ஒரு தாயின் பிள்ளை என்று உணர்கிறான். சின்ன வயதில் தன் பெற்றோரைச் சுட்டவன் நின்ற இடத்தில் இப்போது தான் நிற்கிறோம் என்று புரிகிறது. ஈட்டியைத் தூக்கி எறிகிறான்.

சரி, அடுத்த காட்சி எது?

கிடங்குச் சண்டை.

லெக்ஸ் கடத்தி வைத்திருக்கும் சூப்பர்மேனின் அம்மா மார்த்தாவை மீட்கப் பேட்மேன் போடும் சண்டை, நம் எல்லோருக்கும் உயிரான காட்சி. ஆர்க்கம் வீடியோ கேம் உயிர்பெற்று வந்ததுபோல் என்று நாமே ஊரெல்லாம் சொன்னது. இதுவரை திரையில் வந்த பேட்மேன் சண்டைகளில் இதுதான் முதல் இடம் என்று இன்றைக்கும் நான் சொல்வேன். ஆனால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உள்ளே போகும் முன்பே பேட்விங் கீழே நிற்கும் வண்டிகளைச் சுட்டுச் சிதறடிக்கிறது. ஆட்கள் அவற்றில் இருக்கிறார்கள். உள்ளே ஒருவன் தலையில் பெட்டி இறங்குகிறது. வீசிய கையெறி குண்டு வீசியவர்கள் பக்கமே திரும்பிப் போய் வெடிக்கிறது. ஒருவனைக் கத்தியால் சுவரோடு சேர்த்துக் குத்துகிறான். கடைசியாக மார்த்தாவைப் பிடித்து வைத்திருப்பவன் முதுகில் இருக்கும் தீப்பிழம்புத் தொட்டியைச் சுட்டு அவனையே வெடிக்க வைக்கிறான்.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் திருந்தியவன் இவன்.

ஒரு உயிரின் மதிப்பை உணர்ந்து ஈட்டியை எறிந்த கையோடு, அடுத்த காட்சியிலேயே பழைய கணக்கில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்கிறான். அப்புறம் மார்த்தாவிடம் நான் உங்கள் மகனின் நண்பன் என்கிறான். போர்வையைப் பார்த்தே தெரிந்தது என்று அந்தம்மா சொல்கிறார். நாமும் சிரிக்கிறோம், கைதட்டுகிறோம், யோசிப்பதில்லை. ‘வீழ்ந்த பேட்மேன்’ என்று நாம் முட்டுக் கொடுக்கும் வாதத்தை உடைப்பது விமர்சகர்கள் இல்லை. நம்முடைய ஆசைக் காட்சிதான் அதை உடைக்கிறது. இது எல்லாப் பதிப்பிலும் உண்டு. முழுப் பதிப்பில் வயதுவந்தோருக்கான சான்றிதழ் என்பதால் ரத்தம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரிகிறது.

இதைச் சரிசெய்ய 31 நிமிடம் தேவையே இல்லை. இதே கிடங்கு, இதே ஆட்கள், இதே ஆவேசம், ஆனால் ஒருவரும் சாகவில்லை என்று சண்டையை அமைத்திருந்தால் போதும். படத்தின் முதல் பாதியில் காரில் துரத்தி ஆட்களைக் கொன்றவன் இப்போது கொல்லாமல் சண்டை போடுகிறான், அதனால் கத்திக்குத்துகூட வாங்குகிறான் என்று பார்க்கிறவனுக்குக் கண்ணாலேயே தெரிந்திருக்கும். மார்த்தா காட்சிக்கு விளக்கவுரை எழுதும் வேலையே நமக்கு இருந்திருக்காது.

அந்த மார்த்தா காட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் கழுத்தில் கால் இருக்கும்போது எந்தப் பிள்ளை தன் தாயைப் பெயர் சொல்லிக் கேட்பான்? “அம்மாவைக் காப்பாத்து” என்றுதான் வரும். பெயர் பேட்மேன் காதில் விழவேண்டும் என்பதற்காகவே எழுதிய வசனம் என்பது பச்சையாகத் தெரிகிறது. போதாததற்குச் சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேன் ஓடி வந்து, அது அவன் அம்மா பெயர் என்று விளக்கம் வேறு தருகிறாள். தியேட்டரில் சிரித்தவன் கதையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, எழுத்தில் தெரிந்த தையலைப் பார்த்துச் சிரித்தான். அதேபோல் சண்டை தொடங்கும்போது சூப்பர்மேனுக்குத் தேவை ஒரே வாக்கியம்: லெக்ஸ் என் அம்மாவைக் கடத்தி வைத்திருக்கிறான். அதைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, பேட்மேனைப் பிடித்துத் தள்ளுகிறான். இதற்கும் எந்தப் பதிப்பிலும் பதில் கிடையாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெஸ்ஸி ஐசன்பர்க்கின் லெக்ஸ் லூதரைப் பற்றி நமக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. செனட் அறையில் ஒரு பானக் குப்பியை வைத்து, செனட்டராக வரும் ஹாலி ஹன்டரைப் பேச்சிழக்க வைக்கும் இடத்தில் அவன் பயமுறுத்துகிறான், மற்ற பல இடங்களில் எரிச்சலூட்டுகிறான். கனவுக்குள் கனவாக வரும் பாலைவனமும், காலத்தைக் கிழித்துக்கொண்டு வரும் ஃப்ளாஷும் காமிக்ஸ் தெரியாதவனுக்கு என்னவென்றே புரியாது. வராத படங்களுக்குப் போட்ட பில்டப் அது. அந்த மின்னஞ்சல் காட்சி இருக்கிறதே! இரண்டு நாயகர்களும் மோதப் போகும் நேரத்தில் டயானா மடிக்கணினியைத் திறந்து ஃப்ளாஷ், அக்வாமேன், சைபார்க் மூவரின் வீடியோக்களையும் வரிசையாகப் பார்க்கிறாள். தாலி கட்டும் நேரத்தில் மேளத்தை நிறுத்திவிட்டு அடுத்த மாதக் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்த மாதிரி. அதிலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி லோகோ வேறு. லெக்ஸ் லூதர் வில்லன் வேலைக்கு நடுவே உட்கார்ந்து டிசைன் செய்திருப்பான் போல.

ஏன் இவ்வளவையும் ஒரே படத்தில் திணித்தார்கள் என்பதற்குப் பதில் படத்துக்கு வெளியே இருக்கிறது. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ வந்த மறு மாதமே, 2013 ஜூலையில், சான் டியேகோ காமிக்-கானில் இந்தப் படத்தை அறிவித்தார்கள். மேடையில் வாசித்தது ஃபிராங்க் மில்லரின் 1986ஆம் வருட ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ வரிகள். அந்தக் கதையில் பேட்மேனும் சூப்பர்மேனும் பல வருடப் பழக்கம் உள்ளவர்கள். நண்பனை நண்பன் அடிப்பதால்தான் அந்தச் சண்டை வலிக்கிறது. இங்கே இருவரும் அதற்கு முன் ஒரு விருந்தில் பேசியிருக்கிறார்கள், நடுரோட்டில் ஒருமுறை முறைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். டூம்ஸ்டே கையில் சூப்பர்மேன் சாவது 1992 காமிக்ஸ். ஐம்பது வருடத்துக்கும் மேல் வாசகர்களோடு வாழ்ந்தவன் செத்தான் என்பதால் அன்றைக்கு உலகம் திரும்பிப் பார்த்தது. நம் படத்திலோ இரண்டாவது படத்திலேயே சாகடித்துவிட்டார்கள். அழுவதற்கு முன்னால் அவன் நம்மோடு கொஞ்சம் வாழ்ந்திருக்க வேண்டாமா?

இங்கேதான் மார்வெல் பேச்சு வரும், கோபப்படாதீர்கள். ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ அதே வருடம் மே 6 அன்று வந்தது. முதலில் இரண்டு படமும் அதே நாளில் மோதுவதாக இருந்தது, நம் படத்தின் ஸ்டூடியோவான வார்னர்தான் மார்ச்சுக்கு நகர்ந்தது. இரண்டிலும் நாயகனோடு நாயகன் மோதுகிறான். இரண்டிலும் கதை திரும்புவது ஒரு தாயை வைத்து. நம் படத்தில் தாயின் பெயர் சண்டையை நிறுத்துகிறது, அவர்கள் படத்தில் தாயின் மரணம் சண்டையைத் தொடங்குகிறது. அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்கின் முகம் மாறும்போது நமக்கு நெஞ்சு பதறுவதற்குக் காரணம் ருஸ்ஸோ சகோதரர்கள் ஸ்னைடரைவிடப் பெரிய இயக்குநர்கள் என்பதில்லை. காட்சியமைப்பில் ஸ்னைடர் பக்கத்தில்கூட அவர்களால் வரமுடியாது என்பது என் கட்சி. ஆனால் 2008 முதல் எட்டு வருடமாக அந்த டோனியை நமக்குத் தெரியும்.

விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டு கவிழ்த்தார்கள் என்ற பேச்சையும் இத்தோடு விட்டுவிடுவோம். அவர்கள் படம் வெளியாகும் முன்பே திட்டித் தீர்த்துவிட்டார்கள். அதையும் மீறி அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 16.6 கோடி டாலர் வசூலானது. இரண்டாம் வாரக் கடைசியில் ஏறத்தாழ 69 சதவீதம் விழுந்தது. அந்த வீழ்ச்சியை எந்த விமர்சகன் தலையிலும் கட்ட முடியாது. படம் பார்த்தவன் வெளியே வந்து இன்னொருவனிடம் சொன்ன வார்த்தையால் விழுந்தது அது. உலகம் முழுக்கச் சேர்த்து 87 கோடி டாலர் வந்ததே என்பீர்கள். வந்தது. நடிகர்கள் நடித்த படத்தில் பேட்மேனும் சூப்பர்மேனும் முதன்முதலாக ஒன்றாக வரும்போது அது யாருக்கும் போதவில்லை.

ஸ்டூடியோ இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடமோ தலைகீழ். அவசரம்தான் தப்பு என்று புரிந்துகொள்வதற்குப் பதில், இருட்டும் நீளமும்தான் தப்பு என்று முடிவு கட்டினார்கள். 2017 ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தை 120 நிமிடத்துக்குள் சுருக்கி, மகளைப் பறிகொடுத்து ஸ்னைடர் விலகிய பிறகு வேறொருவரை வைத்து நகைச்சுவை சேர்த்து, கெவிலின் மீசையை கிராஃபிக்ஸில் அழித்து ஒரு படத்தைக் கொண்டுவந்தார்கள். 2021இல் 242 நிமிட ‘ஸ்னைடர் கட்’ வந்து எது உண்மையான படம் என்று காட்டியது. சைபார்க்குக்குள் விக்டர் ஸ்டோன் என்று ஒரு மனிதன் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. அதற்காகப் போராடியதும், போராட்டத்தோடு தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்ததும் நம் பெருமை. அந்த வெற்றி தலைக்கேறித்தான் 2016 படத்துக்கும் அதே கணக்கைப் போடுகிறோம். அங்கே படத்தையே மாற்றிவிட்டார்கள். இங்கே மாற்றியது கொஞ்சம்தான், மீதியெல்லாம் ஸ்னைடரும் திரைக்கதை எழுதிய டெரியோவும் கோயரும் தெரிந்தே எழுதி எடுத்தவை. நல்லதுக்கு மாலை அவர்களுக்கு என்றால் கோளாறுக்குப் பொறுப்பும் அவர்களுக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025இல் புது ‘சூப்பர்மேன்’ வந்தபோது டேவிட் கோரன்ஸ்வெட்டை நம் ஆட்கள் சிலர் வசைபாடிய வசவு இருக்கிறதே, அதில் எனக்குப் பங்கில்லை. வேலைக்கு வந்த நடிகன் அவன். கெவிலின் நாற்காலியை அவன் பிடுங்கவில்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை படத்தைப் போடும்போது முதலில் ஆல்ஃபிரெட்டின் அந்தப் பேச்சைப் பாருங்கள். பிறகு நேராகக் கிடங்குச் சண்டைக்கு ஓட்டி விடுங்கள். பார்த்துவிட்டு, திருந்தியவன் ஏன் கொன்றான் என்பதற்கு ஒரு நல்ல பதில் கிடைத்தால் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறேன். மார்த்தாவின் முகத்தருகே நெருப்பு இருந்தது, வேறு வழியில்லை என்று மட்டும் எழுத வேண்டாம். அந்தக் கடைசி ஆளுக்கு அது சரி. வெளியே வண்டிகளில் இருந்தவர்களுக்கு என்ன காரணம்?

இப்படிக்கு,
உங்கள் கட்சிக்காரன் ஒருவன்